எதிர்க்கடைச் சிட்டை

முதலில் விலைதான் என்று நினைத்தேன்.
கிலோவுக்கு ஆறு ரூபாய் இறக்கினேன்.
தை முகூர்த்தம் மூன்றும் எதிர்க்கடைக்கே போயின.

பிறகு வெளிச்சம் என்று நினைத்தேன்.
காரைக்குடியில் எவரும் போடாத நாற்பது விளக்கு.
எவர்சில்வர் குடமெல்லாம் கண்கூச
நகை போட்ட மணப்பெண்ணாய்க் கடை நின்றது.
வந்தவர்கள் விலை கேட்டார்கள்,
ரோட்டைக் கடந்தார்கள்.

உண்ணாமலை விளம்பரம் செய்வதில்லை.
தள்ளுபடி என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:
"எந்த ஊர், எந்த வீடு?"
பின்னால் பிரிண்டர் கரகரக்கும்.

சேவுகனைப் பள்ளத்தூர்க்காரன் மாதிரி
வெள்ளைச்சட்டை போட்டு அனுப்பினேன்.
திரும்பி வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டருக்கு
எல்லா வீட்டுச் சாமானும் தெரியுது."

மூத்தவள் கல்யாணத்தில் பரப்பியது அத்தனையும்.
தூக்கு எத்தனை, அடுக்கு எத்தனை,
அண்டாவின் வாய் எத்தனை அங்குலம்,
எது மறுவாரமே மாற்ற வந்தது,
எந்தச் சம்பந்தி வீட்டில் செம்பு ஆகாது.
இளையவளுக்கு ஒரு கரண்டி குறைந்தால்
நாற்பது வருடம் பேசும் ஊர் இது.
நான் பாத்திரம் விற்றேன்.
அவள், அந்தப் பேச்சு வராமலிருப்பதை விற்றாள்.

எழுதிக் கொடுத்தது தேவகோட்டை ரஸ்தா ஆரிபாவாம்.
போய் நின்றேன். அதேமாதிரி ஒன்று, என்றேன்.
மறைக்காமல் தந்தாள்.
அதே நிறம், அதே பொத்தான், அதே தேடும் கட்டம்.
ஒன்றரை லட்சம். ஜி.எஸ்.டி. தனி.

மறுநாள் கொத்தமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம்.
நானும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டேன்.
வீட்டு விலாசம் தட்டினேன்.
திரை மரியாதையாகச் சொன்னது:
பதிவு எதுவும் இல்லை.

போனில் கத்தினேன்.
ஆரிபா பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"அடுப்பு நான் போட்டது சார். அரிசி அவங்களுது.
பதினோரு வருஷமா, கடை சாத்தினப்புறம்
ஒக்காந்து ஒவ்வொண்ணா ஏத்தினது."

அரிசி என்னிடமும் இருந்தது.
பரண் முழுக்க பில் புத்தகம், முப்பது வருடம்,
கார்பன் நீலம் மங்காத கட்டுக்கட்டாய்.
போன தீபாவளிக்கு இடம் வேண்டுமென்று
பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன்.
அறுபத்திரண்டு கிலோ, கிலோ பதினாலு.
ஊர் அதில் கடலை மடித்துத் தின்றிருக்கும்
என்று நினைத்துக்கொண்டேன்.

சிட்டாளுக்கு மண்டபம் பேசி
மூன்று நாள் ஆகவில்லை.
மூத்தவள் விசாலத்துக்கு எத்தனை குடம் வைத்தோம்,
ஏழா ஒன்பதா என்று
வீட்டில் நானும் அவளும் அடித்துக்கொண்டிருந்தோம்.
வாட்ஸப் கூவியது.
"தங்கள் இளைய மகள் திருமணத்துக்கு வாழ்த்துகள்.
மூத்தவருக்குச் செய்த சாமான் பட்டியல் இணைப்பில்.
உ. பாத்திர மாளிகை."

திறந்தேன்.
குடம் ஒன்பது.
என் கையெழுத்து.
கணக்கு கணக்குத்தான் என்று
என் வீட்டுக்கு நானே போட்ட பில்.
எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு.
ஓரத்தில் மடிப்பு, எண்ணெய்க்கறை.

கடைசி வரிக்குக் கீழே பென்சிலில்:
பித்தளைக் கும்பா ஒன்று, பாக்கி, பிறகு தருவது.

விசாலம் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம்.
அவள் கேட்கவே இல்லை.

சண்டை போடத்தான் ரோட்டைக் கடந்தேன்.
நடுவில் ஒரு மினிபஸ் நிறுத்திவைத்தது.
படியேறும்போது சொல்ல வைத்திருந்த வார்த்தையில்
பாதியைக் காணோம்.

உண்ணாமலை கண்ணாடியை ஏற்றவில்லை.
எந்த ஊர், எந்த வீடு என்று கேட்கவில்லை.
பிரிண்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"கும்பா ஒண்ணுதானே?" என்றாள்.

ரெண்டு, என்றேன்.