குறிப்பு என்ற கட்டத்தில்

இரவு ஒன்பதுக்கே சொல்லிவிட்டார்கள்:
புயல் கரையேறிவிட்டது, இனி வலுவிழக்கும்.
வலுவிழந்ததுதான்
மரக்காணத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து
சேர்வராயன் முதுகில் ஏறி
என் தகரக் கூரையை
ஒவ்வோர் ஆணியாக விசாரித்துக்கொண்டிருந்தது.

கரண்ட் போய் ஐந்து மணி நேரம்.
போனில் பதினொரு சதவீதம்.
அடிவாரத்திலிருந்து தன்ராசு பேசினான்.
மூடிக்கிடக்கும் வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு
அவன்தான் இரவுக் காவல்.
"இங்க ஒரு பொட்டு இல்ல பிலோமி.
காத்து மட்டும்.
வாயெல்லாம் மாவு.
இந்த வருசமும் மேகம் உங்க ஊரோட நின்னுரும்போல."
அதோடு போன் அணைந்தது.

மூன்று மணிக்குச் சத்தம் மாறியது.
மழை தட்டும்; இது அடித்தது.
முதலில் மிளகு,
பிறகு பாக்கு,
அதற்குப் பிறகு நான் உவமை தேடவில்லை.
சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு
மழைமானிக்கு ஓடினேன்.
கம்பி வேலிக்குள் புல்லெல்லாம் வெள்ளை.
புனலின் வாய் நிறைய ஆலங்கட்டி.
பதினாறு வருடமாக இந்த வேலியைத்
திறந்து மூடுகிறேன்.

பயிற்சியில் ஒருமுறை சொல்லித் தந்தார்கள்,
நாங்கள் சிரித்தோம்:
கட்டி விழுந்தால்
வெந்நீரை அளந்து ஊற்று.
உருகியதும் மொத்தத்தை அள.
ஊற்றியதைக் கழி.

விறகு நனைந்திருந்தது.
விடிகாலைக் காப்பிக்கென்று
ஃப்ளாஸ்கில் வைத்திருந்த வெந்நீர்தான் மிச்சம்.
இருபது மில்லிமீட்டர் அளந்து ஊற்றினேன்.
கட்டிகள் ஒன்றையொன்று உரசி
பல்லைக் கடித்து
மெல்ல இடம் விட்டன.
கழித்தேன்.
புனலை இறுகப் பிடித்திருந்த
என் இரண்டு உள்ளங்கைச் சூட்டை
எப்படிக் கழிப்பதென்று
பயிற்சியில் சொல்லவில்லை.

எட்டரைக்கு, பக்கத்து எஸ்டேட் போனிலிருந்து:
நூற்று நாற்பத்திரண்டு புள்ளி ஆறு சார்,
ஆலங்கட்டியோட.
"டிசம்பர்ல ஏதும்மா ஆலங்கட்டி?
பனியா இருக்கும்."
பனி இறங்கும் சார்.
இது விழுந்துச்சு.
"மழைன்னே போட்டுக்கறேன்."

அவர்மேல் கோபமில்லை.
நம் பேச்சில்
மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் பனி,
பஸ் கண்ணாடியில் படிவதும் பனி,
இமயத்தில் கிடப்பதும் அதுவே.
பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டம்
சுண்டுவிரல் அகலம்.
நுணுக்கி எழுதினேன்:
ஆலங்கட்டி, 3.05 முதல் 3.20 வரை.
கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் கரண்ட் வந்ததும் படம் வந்தது.
சுரங்கக் குழியில் பால் நிறத் தண்ணீர்,
நடுவில் தன்ராசின் பிளாஸ்டிக் நாற்காலி
யாரையும் உட்கார்த்தாமல் மிதந்துகொண்டு.
பின்னாலேயே குரல்:
"நாலு மணிக்குப் புடிச்சுது பாரு.
மொதத் தண்ணிய மண்ணு வேணாம்னு
உருட்டி விட்டுருச்சு.
அப்புறந்தான் குடிச்சுது.
குடிக்கிற சத்தம் கேட்டுச்சு பிலோமி, சத்தியமா."
அங்கே மழைமானி கிடையாது.
எவ்வளவு பெய்தது என்று கேட்டேன்.
"என் சோத்து டப்பாவுக்குக் கழுத்து வரைக்கும்."
அதையும் எழுதி வைத்தேன்,
பதிவேட்டு அட்டையின் உள்பக்கம்.

மூன்றாம் நாள்
பதினேழாவது வளைவில் சரிந்த மண்ணை அள்ளி
பாதை விட்டார்கள்.
சேலத்துக் கார்கள் வரிசையாய் ஏறி வந்தன,
குல்லாய்க் குழந்தைகளோடு.
"ஐஸ் விழுந்துச்சாமே, எங்கங்க?"
ஈரம்கூட இல்லை அதற்குள்.
காப்பிப் பழமெல்லாம் உதிர்ந்து
தரை சிவந்து கிடந்தது, அதை யாரும் கேட்கவில்லை.
சரிவின் விளிம்பில் சௌசௌப் பந்தலைக் காட்டினேன்.
ஓர் இலைகூட முழுசாய் இல்லை.

ஒரு சிறுமி மட்டும்
ஓட்டை இலையொன்றைப் பறித்து
கண்ணில் ஒட்டவைத்துப் பார்த்தாள்.
கீழே, வெகு கீழே,
வெயிலில் வெள்ளையாக ஏதோ மின்னியது.
"அப்பா, அதோ! இன்னும் உருகல."

தன்ராசின் குழி அது.
நான் எதுவும் திருத்தவில்லை.