வெள்ளிக்கிழமை, அவாலி

புல்லில்லாத மைதானம்.
கக்கத்தில் ஒரு முழம் செயற்கைப் புல்.
பந்து விழுந்த இடத்தில் விரித்து
அடிக்க வேண்டும்.

முதல் குழிக்கு ஏழு அடி.
இரண்டாவதுக்கு மூன்றே.
குரியன் கைகுலுக்கினான்.
அடுத்ததுக்குப் பதினொன்று;
அதன்பின் அவன் எண்ணவில்லை,
மரியாதைக்கு.

அதே மட்டை. அதே கை.
வாரமெல்லாம் ரிஃபைனரியில்
நூலிழை பிசகாமல் வால்வு திருகும் கை.

எட்டாவதில்
பைப்லைனுக்கு அடியில் போய்விட்டது பந்து.
குப்புறப் படுத்துத் தேடினால்
ஓணான் பக்கத்தில் ஒரு மஞ்சள் பந்து,
யாருடையதோ.
எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் குழி.
எண்ணெய் தெளித்து இறுக்கிய மணலில்
உருண்டு வந்து
விளிம்பில் நின்றது.
"ஊதட்டுமா?" என்றான் குரியன்.
என்றைக்கும் மண்ணை வாரி இறைக்கும் காற்று
இன்றைக்குப் பார்த்து
அசையவில்லை.

தட்டிவிட்டு,
விளக்குமாறெடுத்து
என் காலடிகளை நானே கூட்டினேன்.
பந்து வந்த கோடும்
கூடவே போயிற்று.
அது மட்டும்
நேராகத்தான் இருந்தது.