கலெக்டரை அசைக்கும் முறை

மாவட்டத்திலிருந்து வந்த பெட்டி
தலைமையாசிரியர் பீரோவில் இருக்கிறது.
பதினான்கு பஸ்ஸர், இரண்டு சாலிடரிங் இரும்பு,
பெயர் தெரியாத பச்சை அட்டைகள்.
உடைந்தால் யார் கணக்கில் எழுதுவது என்று
முடிவாகும்வரை பூட்டு.
ஆகவே ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு
இரும்புக் கடைக்குப் போனது.

செத்த மிக்ஸி ஒன்று, எடை போட்டு.
யாரோ தூக்கியெறிந்த பொம்மைக் காரின் வயிற்றுக் கம்பிகள்.
இர்பானின் மாமா ஆட்டோவிலிருந்து
ரிவர்ஸ் எடுக்கையில் கத்துகிற பெட்டி
(மாமாவுக்கு இன்னும் தெரியாது).
டிரான்சிஸ்டர் மட்டும் காசு கொடுத்து,
டவுன்ஹால் ரோட்டில், ஒன்று மூன்று ரூபாய்.

மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு. மூன்று கால்.
இருபது வருடம் பலகையில் வரைந்திருக்கிறேன்,
முகம் பார்த்தது அன்றுதான்.
எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றதும்
பின் பெஞ்சில் சிரிப்பு.
"கலெக்டருக்கு இங்க என்ன மிஸ் வேலை?"
"சும்மா நிப்பார். பேஸுக்குத் துளிக் கரண்ட் போனாத்தான்
அவர் வழியா எதுவும் நடக்கும்."
"எங்க கவுன்சிலர் மாதிரி," என்றாள் பவதாரணி.
நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்லூரில் அவள் இருக்கும் பகுதிக்குப் பெயர்
அகிம்சாபுரம்.
குடம் பறக்காத வாரமில்லை.
நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்,
வரும் நேரம் குழாய்க்கே தெரியாது.
அவள் அம்மா
விசைத்தறியில் இரவு வேலை முடிந்து வந்து
குழாயடியில் குந்தியபடியே தூங்குகிறவள்.
புத்தகத்தின் பயிற்சிப் பகுதியில் இல்லாத கேள்வி
பவதாரணியிடம் தயாராக இருந்தது:
தண்ணி வந்தா அம்மாவ யாரு எழுப்புறது?

ஒரு தயிர் டப்பா. அடியில் இரண்டு கம்பி,
ஒன்றையொன்று தொடாமல்.
பள்ளிக் குழாயில் பிடித்தோம்: ஊமை.
கால்களை மாற்றி வைத்தோம்: ஊமை.
சண்முகப்பிரியன் விரலைச் சுட்டுக்கொண்டு
பற்பசை தடவி மறுபடி பற்றவைத்தான்.
ஜெனோவா பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்து
"சுள்ளுங்குது மிஸ், உயிர் இருக்கு" என்றாள்.
நாலாவது தடவை அது கத்திய கத்தலில்
எட்டாம் வகுப்பு
பரீட்சைத் தாளோடு வராந்தாவுக்கு வந்தது.

வியாழன் இரவு இரண்டரை மணி.
தெருக் குழாயடியில் கட்டிய டப்பா கூப்பிட,
தெருவே குடங்களோடு ஓடிவந்து நின்றது.
குழாயில் காற்றுகூட இல்லை.
மழை.

எவன் வீட்டுப் பிள்ளை செய்த வேலை என்றார்களாம்.
என் பெயரும் வந்ததாம், கூடவே என் சம்பளமும்.
அப்புறம் ஒருத்தி, வந்ததுதான் வந்தோம் என்று
தகரக் கூரை ஒழுகும் ஓரத்தில் குடத்தை வைத்திருக்கிறாள்.
பிறகு பக்கத்து வீட்டுக்காரி. பிறகு எல்லோரும்.
வரிசை இல்லை, வால்வு திறப்பவர் இல்லை,
அதனால் சண்டைக்கும் இடமில்லாமல் போயிற்று.

காலையில் ஈரத் தலையோடு வந்தாள்.
"அது பொய் சொல்லல மிஸ்.
தண்ணி வந்துருச்சுன்னுதான சொன்னுச்சு.
எங்கருந்துன்னு நம்மதான கேக்கல."
செய்முறை நோட்டில் 'முடிவு' என்ற இடத்தை
இன்னும் காலியாக விட்டிருக்கிறாள்.
நானும் சிவப்பு மையில் எதுவும் போடவில்லை.

இப்போது டப்பாவுக்குக் கூரை வெட்டுகிறார்கள்,
பழைய தேர்தல் பிளக்ஸில்.
யார் முகம் மழையில் நனைய வேண்டும் என்று தகராறு.
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்,
பீரோச் சாவியை விரலில் சுழற்றியபடி.
"நல்லாத்தான் இருக்கு டீச்சர்.
பெட்டியில இருந்து ஒண்ணும் எடுக்கலையே?"
"இல்ல சார்."

இர்பான் எதுவும் பேசாமல்
அந்தச் சாவியின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தான்.