சாவி

உச்சிப்புளி தாண்டி செக்போஸ்ட்.
"சும்மா ரெண்டு கேள்விதான்" என்றார்.

பேரு?
லூர்துசேவியர்.
ஊரு?
தங்கச்சிமடம்.
பெட்டியில?
நண்டு.
அட்டை கிட்டை இல்லையே?
இல்ல சார்.

இரண்டு எப்போதோ முடிந்துவிட்டது.
லைசென்ஸ் அவர் சட்டைப்பையில்,
மினிலாரிச் சாவி
அவர் சுண்டுவிரலில் சுற்றுகிறது.

கைதா சார் என்றேன்.
சிரித்துவிட்டார்.
"யாருய்யா உன்னைப் புடிச்சு வச்சது?
போறதுன்னா போ."

அப்படியே
பின்னால் வந்த காருக்கு டார்ச் அடிக்கப் போனார்,
சாவியோடு.

எந்தக் கேள்வியில் பிடிபட்டேன்?
பேரிலா, ஊரிலா,
ஒன்றும் கேட்காமல் நின்றாரே
அந்த நேரத்திலா?

மணி மூன்றே கால்.
பரமக்குடி வியாபாரி நாலு தடவை போன் போட்டுவிட்டான்.
ஐஸ் தண்ணி பலகை இடுக்கில் சொட்டி
தார்ரோட்டில் இறங்கி
தடுப்புக்கு அடியில் நுழைந்து
மேற்கே போய்க்கொண்டிருக்கிறது.