மைனஸ் ஒன்பது

குளச்சல் ஐஸ் பிளாண்டில்
ஒரு மணி முதல் ஆறு மணி வரைக்கும்
ஆறு தடவை மைனஸ் ஒன்பது என்று
பதினொன்றரைக்கே எழுதிவைத்துவிட்டுப்
படுத்திருக்கிறேன், பதினாறு வருடம்.
பேனாவை மாற்றி மாற்றி எழுதுவேன்.
நடுவில் ஒரு எட்டரை,
நம்பும்படிக்கு.

படுத்தாலும் ஒரு காது கம்பிரசரில் கிடக்கும்.
சத்தம் தப்பினால்
செருப்பு தேடும் முன்னே கை வால்வில் இருக்கும்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது உப்புநீர்த் தொட்டியில் ஒரு குச்சி நிற்கிறது.
சுவரில் வெள்ளைப் பெட்டி, உள்ளே சிம் கார்டு.
என் போனைவிட ஒழுங்காக
அதற்கு ரீசார்ஜ் நடக்கிறது.
நிமிடத்துக்கு ஒன்று எழுதி
தோகாவில் இருக்கும் முதலாளி மகனுக்கு அனுப்புகிறது.
அவன் அங்கே ராச்சாப்பாடு முடித்துக் கைகழுவும் நேரம்
இங்கே எனக்கு நடுச்சாமம்.

"அண்ணே, ஏழரைக்கு ஏறியிருக்கே?"
சனியைக் கேட்கவில்லை, தொட்டியைக் கேட்கிறான்.
"கதவு தொறந்து கெடந்து தம்பி."
"கதவு மூடித்தான் இருக்கு."
கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள்.

தடைக்காலம் முடிந்த முதல் வாரம்.
வெளியே வண்டிகள், வசவுகள்,
ஐஸ் கேட்டு இருபது படகின் ஆட்கள்.
நான் கண்டன்சருக்கு அடியில்
நட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன்.
பெட்டி கத்தியது.
கத்தட்டும். அது பல்லி ஓடினாலும் கத்தும்.
மூச்சு சாதாரணமாய்த்தான் வந்தது.
கண் கொஞ்சம் எரிந்தது, வியர்வை என்றிருந்தேன்.
தலை தூக்கினால் வாசலில் தாசய்யன்,
தோர்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒரு கையால் வா வா என்கிறான்.
அந்தக் கையைப் பார்த்துத்தான் ஓடினேன்.

அம்மோனியா.
வால்வை அடைத்தோம். ஆளுக்குச் சேதமில்லை.
தாசய்யன் ரோட்டோரம் குத்தவைத்துத் துப்பினான்.
"ஒமக்கு மணக்கவே இல்லியா வோய்?"

என் மூக்கு செத்து மூன்று வருடம் ஆகிறது.
ரெஜினாளுக்கு மட்டும் தெரியும்.
கருகிய பாலை ஒருநாள்
ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தேன்,
அன்றைக்குக் கண்டுபிடித்தாள்.

மறுநாள் தோகா.
"பெட்டி இல்லேன்னா போயிருப்பிய அண்ணே."
ஆமாம் என்றேன்.
"ஒங்களுக்கு மணம் தெரியலயா?"
சளி என்றேன்.
மூக்கில் இன்னும் எதுவும் ஒட்டவில்லை,
அதனால் நம்பினான்.
பிறகு, சம்பளம் போடும் குரலில்,
"எல்லாம் இங்கேருந்தே தெரியுது.
ராத்திரிக்கு ரெண்டாளு எதுக்கு?
நீங்க சீனியர். யோசிச்சுச் சொல்லுங்க."

சீனியர்.
கீழே தாசய்யன் கொக்கியால்
ஒரு பாளத்தைச் சரிவில் தள்ளுகிறான்.
அது அவனைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு.
அவன் மகளுக்குக் கருங்கலில் நர்சிங், இரண்டாம் வருடம்.
இதெல்லாம் பெட்டிக்குப் போகாது.
என் மூக்கும் போகாது, நானாகச் சொன்னாலொழிய.
சொன்னால் நிற்கப்போவது அவன்.
சொல்லாவிட்டால் நான்,
மணமில்லாத ஒரு கட்டடத்தில், தனியாக.

யாரும் கேட்காத பழைய நோட்டை எடுத்தேன்.
தேதி போட்டு எழுதினேன்:
"இரண்டு பத்து. பெட்டி கத்தியது. நான் அசையவில்லை.
எனக்கு வாசனை தெரியாது.
தாசய்யன் கூப்பிட்டான், வந்தேன்."

போட்டோ எடுத்தாயிற்று.
தோகா நம்பரில் விரல் நிற்கிறது,
இன்னும் அனுப்பவில்லை.
மணி மூன்று.
எழுந்துபோய்த் தொட்டியைப் பார்த்தேன்.
மைனஸ் ஒன்பது.
உண்மையாகவே.