ஜூன் மாத அறிக்கை

பென்னாகரம் பேருந்து நிலையத்தில்
இருபது ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி
துண்டுப்பிரதிகளுக்கு நடுவே செருகினேன்.
பாட்டிலின் மேல் ஓர் அருவிப் படம்.
பிரதியின் முன்பக்கத்திலும் அருவி,
பின்பக்கத்தில் ஜீவத்தண்ணீர் பற்றிய
எட்டு வரிகள்.

மினிபஸ் பாதியில் இறக்கிவிட்டது.
மீதி, உழுது போட்ட செம்மண்.

எட்டிமரத்துக் கொட்டாயில்
முதல் வீட்டில் நாய்.
இரண்டாவது பூட்டிக் கிடந்தது,
பெங்களூரில் கட்டட வேலையாம்.
மூன்றாவது மாதம்மாள்.
அடிபம்பில் முக்கால் குடம் நிறைந்திருந்தது.

பிரதியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
சிரித்தாள். பல்லெல்லாம் காவி.
"தண்ணியப் பத்தியா சொல்ல வந்தீங்க?
நல்லதுங்க.
நாங்க சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப்போச்சு."

மகன் சென்றாயன் வந்து நின்றான்.
பதினொரு வயது.
முழங்கால்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"ஒரு சொம்பு குடிக்கிறீங்களா?"

என் கை தானாகப் பைக்குப் போனது.
பார்த்துவிட்டாள்.
பாராததுபோல் குடத்தை நகர்த்தினாள்.

அந்தக் கிணற்றடிக் கதையை
ஏழு வருடமாகச் சொல்லி வருகிறேன்,
சமாரியாவின் வெயிலை, வெறுங்குடத்தை,
ஐந்து புருஷர்களைக்கூட விடாமல்.
அவர் களைத்து உட்கார்ந்திருந்ததை,
முதலில் கேட்டவர் அவர் என்பதை,
குடிக்கத் தா என்று கேட்டதை
வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"குடுங்கம்மா" என்றேன்.
குளிர்ந்த நீர். ருசியில் ஒரு குற்றமும் இல்லை.
பயமே அதுதான்.

பாட்டில் நீரை நாயின் சட்டியில் கவிழ்த்து
பம்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன்.
பரிசோதனைக்கு வரிசை, சீட்டு, முத்திரை,
நாளைக்கு வாங்க, அலுவலர் லீவு.
பிறகு தர்மபுரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை.
டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
சென்றாயன் நிற்க முடியாமல்
மனுவின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இவங்க உங்களுக்கு யாரு?"
எழுத்தர் என்னைக் காட்டிக் கேட்டார்.
ஊழியக்காரி, சகோதரி, சபையின் பெயர்,
வாயில் தயாராக இருந்தது எல்லாம்.
மாதம்மாள் முந்திக்கொண்டாள்:
"எங்க ஊட்டுத் தண்ணி குடிச்சவங்க."

அறிக்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள்.
கொடுத்த பிரதிகள்: ஒன்று.
சந்தித்த வீடுகள்: ஒன்று. (நாயைச் சேர்க்கவில்லை.)
ஒப்புக்கொடுத்தவர்கள்:

அதில் நெடுநேரம் பேனா நின்றது.
ஒப்புக்கொடுத்தது யார் என்று
படிவம் தெளிவாகக் கேட்கவில்லை.
கீழே சிறு எழுத்தில் எழுதினேன்,
ஃப்ளோரைடு, லிட்டருக்கு நாலு புள்ளி இரண்டு.

ரூபன் ஐயா போன் செய்தார்.
"சிஸ்டர், சொல்ல வேண்டியதச் சொன்னீங்களா?"
"இன்னும் இல்லீங்கய்யா."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சரி. அந்த மனு நம்பரக் குடுங்க."

குழாய் பக்கத்துக் கொட்டாய் வரைக்கும் வந்திருக்கிறது.
அதற்கு மேல் பள்ளம் மட்டும் தோண்டியிருக்கிறார்கள்.

கொடுத்த அந்த ஒரு பிரதியை
சென்றாயன் கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கிறான்,
அருவி வெளியே தெரிய.
எட்டு வரிகளும் பசைப் பக்கம்.