பத்தொன்பது மீட்டர்

பகலில் நுக்ஸார், இரவில் ஓதார்.
ஒரே டாக்சி, ஒரே சாவி.
பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும்
பேசி மூன்று வருஷமாகிறது.
பின்சக்கரத்தின் மேல் சாவியை வைத்துவிட்டு ஒருவன் போவான்,
தடவி எடுத்துக்கொள்வான் மற்றவன்.

"அவன் ஓட்டிக் கெடுத்தது" என்று
திங்கட்கிழமை நுக்ஸார் சொன்னான்.
செவ்வாய் இரவு ஓதார் வந்து
அதையே சொன்னான், அதே மூச்சில்.
நான் காரிடம் கேட்டேன்.

கேரேஜ் வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து
முதல் கியரில் ஊர்ந்தேன்.
பின்னால் நறநறவென்று ஒரு பல்கடி.
டக். ஒரு குலுக்கல். மறுபடி டக்.
சீட்டுக்கடியில் எவனோ மறந்த ஆப்பிள்
உருண்டு வந்து என் குதிகாலில் முட்டியது.

ருஸ்தவி நெடுஞ்சாலையில் நேராக விட்டால்
வாயே திறக்கவில்லை.
வேகத்தில் ஊளை இல்லை: பினியன் பேரிங் தப்பித்தது.
காலை எடுத்து வைத்தால் இடி இல்லை:
புரொப்பல்லர் ஷாஃப்ட் மேல் பழி இல்லை.
வளைவில் மட்டும்தான் இந்த முரண்டு.

சாதாரண டிஃபரென்ஷியல் ஓர் ஏமாளி முதலாளி.
பனியில் சறுக்குகிறவனுக்கே
சம்பளம் முழுவதையும் எண்ணிக் கொடுக்கும்;
தரையில் காலூன்றி நிற்பவன் கையைப் பிசைவான்.
இந்த ஜப்பான் காரில் இருப்பது வேறு.
முன்பு வைத்திருந்த பையன் டிரிஃப்ட் அடிக்கப் போட்டது.
உள்ளே தட்டுகள், அடுக்கடுக்காய், எண்ணெயில் ஊறி,
ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும்
விடவும் வேண்டும்.
பிடித்து விட்டு, பிடித்து விட்டு,
அதுதான் அந்த நறநற.

எண்ணெயை வடித்தேன். கருகிய வாடை.
காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு, விரலில் தேய்த்தால் மாவு.
சில்லு இல்லை, பல் உடையவில்லை.
வழுக்கல் மருந்து சேர்க்காமல்
எவனோ மலிவு எண்ணெய் ஊற்றியிருக்கிறான்.
யார் என்று கேட்கவில்லை.
இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

அத்தோடு முடித்திருப்பேன்.
காரை இறக்கும்போதுதான் கண்ணில் பட்டது:
இடது பின்டயர் புதுசு, முள்ளெல்லாம் அப்படியே.
வலது மொட்டை.
இடது, நுக்ஸார் பகலில் வாங்கியது.
வலது ஓதாரின் பங்காம், அவன் வாங்கவில்லை.

அளந்தேன். உயரத்தில் ஆறே மில்லிமீட்டர்.
ஒரு சுற்றுக்கு இரண்டு விரற்கடை.
ஒரு கிலோமீட்டருக்குப் பத்தொன்பது மீட்டர்.
நேர் ரோட்டில் சத்தமே போடாமல்
தட்டுகள் நாளெல்லாம் உராய்ந்திருக்கின்றன.
குதாயிசிக்கு ஒரு சவாரி என்றால்
நாலு கிலோமீட்டருக்கு மேல் சண்டை,
பயணிக்குத் தெரியாமல்.

இதை அவர்களுக்குச் சொன்னேன்,
டயரைப் பற்றி மட்டும்.

ஜோடியாய் டயர், புது எண்ணெய், ஒரு குப்பி மருந்து.
மூடிய டின் ஃபேக்டரியின் முற்றத்தில்
ஈரப்பனி தூவிக்கொண்டிருந்தது.
எட்டு போடச் சொன்னேன், மெதுவாக,
மருந்து தட்டுக்குள் நுழையட்டும் என்று.
ஓதார் ஓட்டினான்.
அச்சுக்கு மேலே, பின்சீட்டில், காது கொடுக்க
ஓர் ஆள் வேண்டும்.
நுக்ஸார் கொஞ்சம் நின்றான், பிறகு ஏறினான்.

முதல் எட்டில் நறநற.
நாலாவதில் முனகல்.
ஏழாவதில் கண்ணாடியை இறக்கி நுக்ஸார்
என்னைப் பார்த்துச் சொன்னான்:
"இடது திரும்பும்போது இன்னும் கொஞ்சம் இருக்கிறதென்று
அவனிடம் சொல்லுங்கள்."
"கேட்டது" என்றான் ஓதார், கண்ணாடியைப் பார்க்காமல்.
ஸ்டியரிங் இடது ஒடிந்தது.

பில்லை ஆளுக்குப் பாதி, தனித்தனியாகக் கொடுத்தார்கள்.
ஒற்றைப்பட்ட ஒரு லாரியை நான் விட்டுக்கொடுத்தேன்.

என் ஜன்னலுக்குக் கீழே ஒரு முட்டுத் திருப்பம்.
குளிர்காலம் முழுக்க அங்கே கேட்கும் பல்கடியில்
யார் ஓட்டுகிறார்கள் என்று படுத்தபடியே சொல்வேன்.
நேற்று ஒரு கார் திரும்பியது.
டயர் நீரைக் கிழிக்கும் சத்தம் மட்டும்.
எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.